சி.பி.எஸ்.எஸ். தேர்வு: டயல், பெடல், ஸ்டிக்... ஐந்து வாரத்தில் எதைப் பழகுவது?

மேகமூட்டம்:

வணக்கம். விமானப்படை அதிகாரி வேலைக்கான ஆஃப்கேட் எழுத்துத் தேர்வு தாண்டியாயிற்று. மைசூரு ஏ.எஃப்.எஸ்.பி.க்கு (விமானப்படைத் தேர்வு வாரியம்) அழைப்பு வந்திருக்கிறது, ஃப்ளையிங் பிரிவு, அதாவது பைலட் வேலை. கையில் ஐந்து வாரம். சைக்காலஜி, குழுப்பணி, இன்டர்வியூ பற்றிப் பழைய திரிகளில் வேண்டிய அளவு இருக்கிறது. சி.பி.எஸ்.எஸ்., அதாவது பைலட் ஆகும் திறன் உண்டா என்று கணினியில் பார்க்கும் தேர்வு, அதைப் பற்றித்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். "அது பிறவியிலேயே வர வேண்டும், பழகி வராது" என்கிறார் ஒருவர். "மாதிரி மெஷின் எங்களிடம் இருக்கிறது, வந்து பழகுங்கள்" என்கிறது ஒரு விளம்பரம்.

என் சந்தேகங்கள்:

ஒன்று, டயல் படிக்கும் பகுதி. விமானத்தின் சாய்வைக் காட்டும் ஆர்டிஃபிஷியல் ஹொரைசனைப் பார்த்ததும் இடது வலது மாறிவிடுகிறது. உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் ஆயிரம் அடி கூடவோ குறையவோ படிக்கிறேன். இரண்டு, ஸ்டிக்கும் பெடலும் சேர்ந்த எஸ்.எம்.ஏ. பகுதி. வீட்டில் ஜாய்ஸ்டிக் இல்லை. வாங்கலாமா, கேம்பேட் போதுமா? மூன்று, ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டினால் பயன் உண்டா? நான்கு, இதில் போனால் போனதுதானா?

தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆறுடயல்:

டயல் பகுதியை மட்டும் நான் சொல்கிறேன். பிறவித் திறமை என்ற பேச்சு இந்தப் பகுதிக்குப் பொருந்தவே பொருந்தாது. இது சுத்தமான வாசிப்பு. கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டது போலத்தான்.

முதலில் ஹொரைசன். உங்கள் குழப்பத்துக்குக் காரணம், கோட்டைப் பார்ப்பது. விமானம் வலது பக்கம் சாய்ந்தால் டயலில் அடிவானக் கோட்டின் வலது முனை மேலே ஏறும், இடது முனை கீழே இறங்கும். கோடு இடப்பக்கம் சரிந்தது போலத் தெரிவதால் "இடது சாய்வு" என்று குறித்துவிடுகிறோம். கோட்டை மறந்துவிடுங்கள். நடுவில் இருக்கும் குட்டி விமானத்தின் இறக்கைகளை மட்டும் பாருங்கள். எந்த இறக்கை மண்ணுக்குள், அதாவது பழுப்புப் பகுதிக்குள் போயிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சாய்வு. குட்டி விமானத்தின் நடுப்புள்ளி நீலத்தில் இருந்தால் மூக்கு மேலே, பழுப்பில் இருந்தால் மூக்கு கீழே. ரஷ்யப் பாணி டயல்களில் கோடு சாயாமல் குட்டி விமானமே சாயும். அங்கேயும் "மண்ணுக்குள் போன இறக்கை" விதி அப்படியே நிற்கும். அதனால்தான் இதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். டயலின் மேல்விளிம்பில் இருக்கும் சாய்வுக் குறிமுள்ளை நம்ப வேண்டாம். அது எந்தப் பக்கம் நகரும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

அடுத்தது ஆல்டிமீட்டர். மூன்று முள் இருக்கும். நீள முள் நூறுகள், குட்டையான தடித்த முள் ஆயிரங்கள், மூன்றாவது பத்தாயிரங்கள் (சில டயலில் இதற்கு விளிம்பை ஒட்டி ஒரு முக்கோண நுனி இருக்கும்). எல்லோரும் பெரிய முள்ளில் தொடங்குகிறார்கள், தப்பு அங்கேதான். பத்தாயிரம், ஆயிரம், நூறு என்ற வரிசையில் படியுங்கள். ஒவ்வொரு முள்ளும் கடந்து வந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும், நெருங்கிக்கொண்டிருக்கும் எண்ணை அல்ல.

உதாரணம்: பத்தாயிர முள் 0 தாண்டி 1-ஐ எட்டவில்லை. ஆயிர முள் 4-க்கும் 5-க்கும் நடுவில். நூறு முள் 6-ல். விடை 4,600 அடி. இது எளிது. வில்லங்கமானது இது: பத்தாயிர முள் கிட்டத்தட்ட 1-ஐத் தொடுகிறது, ஆயிர முள் கிட்டத்தட்ட 0-ஐத் தொடுகிறது, நூறு முள் 8-ல். அவசரத்தில் 10,800 என்று படிப்போம். நூறு முள் 8-ல் இருக்கிறது என்றால் அடுத்த ஆயிரம் இன்னும் நிறையவில்லை. ஆகவே ஆயிர முள் 9-ஐத் தாண்டி 0-க்குப் போய்க்கொண்டிருக்கிறது, 0-ஐ அடையவில்லை. விடை 9,800. நீங்கள் சொல்லும் "ஆயிரம் அடி கூட" பிழை முழுவதும் இந்த ரகம்தான். நூறு முள் 7, 8, 9-ல் நின்றால் ஆயிர முள்ளை ஒரு தடவை கூடுதலாகப் பாருங்கள்.

ஹெடிங் டயல், மூக்கு நோக்கும் திசையைப் பாகையில் காட்டுவது. அதில் கடைசிச் சுழியம் இருக்காது. 3 என்றால் 030, 24 என்றால் 240, 33 என்றால் 330. மேலே இருக்கும் குறிக்கு நேராக வரும் எண்ணே ஹெடிங். வலது திருப்பத்தில் எண் கூடும், இடது திருப்பத்தில் குறையும். கண்ணாடிக் குடுவைக்குள் மிதக்கும் காந்தத் திசைகாட்டிப் படம் கொடுத்தால் மட்டும் உஷார். அதில் அட்டையின் எண்கள் இடப்பக்கமாகக் கூடிக்கொண்டு போகும், பார்க்கத் தலைகீழாகத் தோன்றும். நடுக்கோட்டுக்கு நேரே என்ன எண் என்பதை மட்டும் படித்துவிட்டு நகருங்கள்.

வி.எஸ்.ஐ. என்பது ஏறும், இறங்கும் வேகம். முள் இடப்பக்கம் கிடைமட்டமாக நின்றால் சுழியம், மேலே போனால் ஏற்றம், கீழே போனால் இறக்கம். அளவு நிமிடத்துக்கு நூறு அடியா ஆயிரம் அடியா என்று டயலின் நடுவிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் ".5" என்பதை 50 என்று எடுப்பவர்கள் உண்டு. ஆயிரக் கணக்கில் .5 என்றால் 500 அடி.

டர்ன் அண்ட் ஸ்லிப்பில் முள் திரும்பும் பக்கத்தைக் காட்டும். பந்து, திருப்பம் ஒழுங்காக இருக்கிறதா என்பதைக் காட்டும். பந்து நடுவில் இருந்தால் சரி. திருப்பத்தின் உள்பக்கம் சரிந்தால் ஸ்லிப், வெளிப்பக்கம் ஒதுங்கினால் ஸ்கிட். வேக டயலில் சொல்ல ஒன்றுமில்லை, நாட்ஸ் என்பது தெரிந்தால் போதும் (1 நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ.).

எல்லாம் சேர்ந்து வரும் கேள்வியில் வரிசை முக்கியம். ஒரு பேனல் (ஆறு டயலும் சேர்ந்த படம்), கூடவே சில வாக்கியங்கள், பேனலோடு பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஆறு டயலையும் படித்துவிட்டு விடைக்குப் போனால் நேரம் கரைந்துவிடும். ஹொரைசனை மட்டும் பார்த்து இடமா வலமா என்று முடிவு செய்து விடைகளை ஒரு முறை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் பாதி விழுந்துவிடும். பிறகு வி.எஸ்.ஐ. பாருங்கள், ஏற்றமா இறக்கமா. மிஞ்சிய இரண்டு விடைகளுக்குள் ஹெடிங்கோ உயரமோதான் வித்தியாசமாக இருக்கும், அதை மட்டும் படியுங்கள்.

பேனல் இப்படி இருக்கிறது: இடது இறக்கை மண்ணில், வேகம் 180, உயரம் 4,600, ஹெடிங் 24, வி.எஸ்.ஐ. 500 கீழே, திருப்ப முள் இடம். வாக்கியம்: "180 நாட்ஸில் இடப்பக்கம் திரும்பி, தெற்கு நோக்கி வந்தபடி இறங்குகிறது." 240-லிருந்து இடப்பக்கம் திரும்பினால் எண் குறையும், 180 தெற்கு. சரி. இதையே "மேற்கு நோக்கி" என்று மாற்றி ஒரு பொறி வாக்கியம் பக்கத்தில் இருக்கும். மேற்கு 270, அதற்கு வலது திருப்பம் வேண்டும்.

வேகத்துக்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். அமெரிக்க விமானப்படையின் ஏ.எஃப்.ஓ.க்யூ.டி. தேர்வில் இதே மாதிரி டயல் படிக்கும் பகுதியில் 25 கேள்விக்கு 5 நிமிடம், அதாவது ஒன்றுக்கு 12 வினாடி. அங்கே ஹொரைசனும் திசைகாட்டியும் மட்டும்தான், விடையாக விமானப் படங்கள். ஆறு டயல் கேள்விக்கு 20 வினாடி என்று இலக்கு வைத்துப் பழகினால் நல்ல நிலை. விமானப் படத்தில் ஒரு பொறி உண்டு. பின்னாலிருந்து பார்த்தால் வலது சாய்வில் தாழ்ந்த இறக்கை உங்கள் வலப்பக்கம் தெரியும். முன்னாலிருந்து பார்த்தால் அதே இறக்கை உங்கள் இடப்பக்கம். மூக்கு தெரிகிறதா வால் தெரிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பழகும் முறை: ஒரு தாளில் ஆறு வட்டம் போட்டு முள் வரைந்து படிப்பதை எல்லோரும் செய்வார்கள். அதைத் தலைகீழாகவும் செய்யுங்கள். வாக்கியத்தை எழுதிவிட்டு முட்களை நீங்களே வரையுங்கள். தினம் பத்துப் படிக்க, ஐந்து வரைய. வரைந்தவனுக்கு ஒன்பதாயிரத்து எண்ணூறில் ஆயிர முள் எங்கே நிற்கும் என்பது மறக்காது.

வலதுபெடல்:

மேலே சொன்னது முழுமையாக இருக்கிறது. கை கால் பகுதிக்கு வருகிறேன்.

கணினிக்கு முன்பு இருந்த பழைய பைலட் தேர்வான பி.ஏ.பி.டி. காலத்திலிருந்தே இதன் அடிப்படை இரண்டு கருவிகள்: எஸ்.எம்.ஏ., சி.வி.டி. கணினிக்கு மாறியபின் திரையும் கணக்கீடும் மாறியிருக்கின்றன, அளக்கப்படுவது மாறவில்லை. கண், கை, கால் மூன்றும் ஒன்றையொன்று தடுக்காமல் வேலை செய்கின்றனவா, கூடவே ஒரு வேலை சேர்ந்தால் முதல் வேலை சிதறுகிறதா என்பதுதான்.

எஸ்.எம்.ஏ.யில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும், அதை நடு வட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். இடம் வலம் காலில், மேல் கீழ் ஸ்டிக்கில். இடையிடையே விளக்கு எரியும், ஓசை வரும், அவற்றுக்கு இன்னொரு கையால் பதில் தர வேண்டும்.

இங்கே சறுக்குவதற்கு முதல் காரணம் உட்காரும் விதம். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இருக்கை தள்ளி இருந்தால் பெடலை முழுக் காலால் உதைப்பீர்கள். முழுக் காலால் நுணுக்கமாக அழுத்த முடியாது. தொடங்கச் சொல்லும் முன்பே இருக்கையைச் சரிசெய்துகொள்ளுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், குதிகால் தரையில் ஊன்றட்டும், பாதத்தின் முன்பகுதி பெடலில். இரண்டு பாதத்திலும் எப்போதும் இலேசான அழுத்தம் இருக்க வேண்டும். ஒரு காலால் தள்ளும்போது மற்றக் கால் கொஞ்சம் எதிர்த்துப் பிடிக்கட்டும். அந்த எதிர்ப்புதான் பிரேக். ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மறு காலால் மட்டும் அமுக்குபவர்களின் புள்ளி வட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். தடிமனான அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டாம், அழுத்தம் பாதத்துக்குத் தெரியாது.

இரண்டாவது, சைக்கிள் பழக்கம். சைக்கிளில் ஹேண்டில்பாரின் வலப்பக்கத்தை முன்னே தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். விமானத்தில் வலது பெடலை முன்னே தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். பதற்றம் வந்தால் உடம்பு சைக்கிளுக்குத் திரும்பிவிடும். விளக்கம் தரும்போதும் ஒத்திகை ஓட்டத்திலும் எந்தப் பெடலுக்குப் புள்ளி எங்கே போகிறது, ஸ்டிக்கை இழுத்தால் மேலா கீழா என்று வேண்டுமென்றே அழுத்திப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று அதை வீணாக்காதீர்கள், அது திசைகளைக் கண்டுபிடிக்கும் நேரம்.

மூன்றாவதுதான் பெரிய வில்லங்கம்: மிகைத் திருத்தம். மவுஸில் கையை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவு அம்பு நகரும். இந்த வகைக் கருவியில் ஸ்டிக் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு *வேகத்தில்* புள்ளி நகரும். சாய்த்துப் பிடித்திருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணில் பட்டது கைக்குப் போய்ச் சேரச் சுமார் கால் வினாடி ஆகும். புள்ளி நடுவுக்கு வந்ததைப் பார்த்தபின் கையை எடுத்தால் அந்தக் கால் வினாடியில் அது தாண்டிப் போயிருக்கும். உடனே எதிர்ப்பக்கம் இன்னும் பலமாக இழுப்பீர்கள். மூன்றாவது ஆட்டத்தில் புள்ளி திரையின் ஓரத்தில் நிற்கும்.

மாற்று: தட்டு, விடு, பார். சிறிதாகச் சாய்த்து, பாதி தூரத்திலேயே நடுநிலைக்கு விட்டு, என்ன ஆகிறது என்று பார்த்து, மிச்சத்தைத் திருத்துங்கள். ஆட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டால் துரத்தாதீர்கள். கை கால் இரண்டையும் நடுநிலைக்குக் கொண்டுவந்து ஒரு வினாடி சும்மா விடுங்கள். புள்ளி ஓடும் திசை தெரிந்ததும் பாதி அளவு திருத்தம். அந்த ஒரு வினாடி இழப்பு, பத்து வினாடி ஆட்டத்தைவிட மலிவு. ஸ்டிக்கை முழுக் கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முன்கை தொடையிலோ கைப்பிடியிலோ ஊன்றியிருக்கட்டும், அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும்.

விளக்குக்கும் ஓசைக்கும்: கண் புள்ளியை விட்டு நகரக் கூடாது. விளக்கை ஓரக்கண் பிடித்துவிடும், அதற்காகத் தலையைத் திருப்பினால் திரும்பி வருவதற்குள் புள்ளி தொலைந்திருக்கும். பதில் தரும் கை எப்போதும் அதன் லிவர்மேலேயே இருக்கட்டும். ஒரு விளக்கைத் தவறவிட்டால் விட்டதுதான். அதை நினைத்து அடுத்த ஐந்து வினாடி கைகால் உறைந்து போவதுதான் உண்மையான நஷ்டம்.

சி.வி.டி.யில் வளைந்த பாதை மேலிருந்து இறங்கி வரும், அதிலுள்ள புள்ளிகளைத் தொட்டுப் போக வேண்டும். இங்கே கண் உங்கள் குறிமுள்ளின்மேல் இருக்கக் கூடாது, அடுத்த வளைவின்மேல் இருக்க வேண்டும். வளைவு வந்தபின் திருப்பினால் அதே கால் வினாடிச் சிக்கல். தவறிய புள்ளியைப் பிடிக்கப் பின்னால் போனால் அடுத்த இரண்டும் போகும்.

வீட்டுப் பயிற்சிக்கு நேரக் கணக்கு: ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் பயன் தராது. காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம். கைத்திறன் உறக்கத்தில்தான் படியும், ஆகவே இரவு விழித்துப் பழகுவது அடியில் ஓட்டையிட்ட குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

பழைய_காற்றுப்பை:

சிமுலேட்டர் கேள்விக்கு என் கருத்து கொஞ்சம் காரமானது. பெரும்பாலோர் ஓட்டும் விதத்தில் அது நேரவிரயம். டேக்ஆஃப், லேண்டிங், சண்டை விமானம், குண்டு போடுவது... இதில் ஒன்றையும் சி.பி.எஸ்.எஸ். கேட்காது. கீபோர்டில் ஓட்டினால் இன்னும் மோசம். அம்புக்குறிப் பொத்தானுக்கு "அமுக்கியது, விட்டது" என்ற இரண்டு நிலைதான் உண்டு, பாதி அழுத்தம் என்பதே கிடையாது. நீங்கள் பழக வேண்டியதோ அந்தப் பாதி அழுத்தத்தைத்தான்.

ஜாய்ஸ்டிக் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் அனலாக் குச்சி உள்ள கேம்பேட் போதும். மாதிரி மெஷின் என்று சொல்லிப் பணம் கேட்கும் இடங்களை நம்பிப் போக வேண்டாம். அசல் கருவியின் நகல் என்று நிரூபிக்க அவர்களிடம் எதுவும் இருக்காது. வேறு உணர்திறன் உள்ள பெடலில் மணிக்கணக்காகப் பழகினால் அந்த அழுத்த அளவு காலில் ஒட்டிக்கொள்ளும், அங்கே போய் அதை அழிக்க வேண்டும்.

ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசம். செஸ்னா 172 விமானம், காற்றில்லாத வானிலை, 3,000 அடியில் பறந்துகொண்டிருக்கும் நிலையில் தொடங்குங்கள். வெளிக்காட்சியை மறைத்து டயல்களை மட்டும் பாருங்கள். பயிற்சி மூன்றே மூன்று:

முதலாவது, நேராகவும் மட்டமாகவும் 3 நிமிடம். உயரம் 100 அடிக்குமேல் மாறக் கூடாது, ஹெடிங் 5 பாகைக்குமேல் மாறக் கூடாது. கேட்க எளிது, முதல் நாள் ஒரு நிமிடம் தாங்காது. வி.எஸ்.ஐ. முள்ளைத் துரத்தாதீர்கள். அது சில வினாடி தாமதமாகத்தான் உண்மையைச் சொல்லும். ஹொரைசனை வைத்துத் திருத்தி, வி.எஸ்.ஐ.யை வைத்துச் சரிபாருங்கள்.

இரண்டாவது, 30 பாகைச் சாய்வில் முழு வட்டம், இடம் ஒன்று வலம் ஒன்று. சாய்வில் மூக்கு தாழும், அதை ஸ்டிக்கால் தாங்க வேண்டும். வெளியே வரும்போது குறித்த ஹெடிங்குக்குச் சுமார் 15 பாகை முன்பே சாய்வைக் குறைக்கத் தொடங்குங்கள். "பாதி தூரத்திலேயே விடு" என்று வலதுபெடல் சொன்னது இதேதான்.

மூன்றாவது, முதல் பயிற்சியையே லேசான காற்றுக் கொந்தளிப்போடு செய்வது. கூடவே, ஒழுங்கில்லாத இடைவெளியில் எண்களைச் சொல்லி அலைபேசியில் ஒரு பத்து நிமிடப் பதிவு செய்துவையுங்கள். இரட்டை எண் கேட்டால் இடது கையால் மேசையைத் தட்ட வேண்டும், ஒற்றைக்கு ஒன்றும் செய்யக் கூடாது. ஒரு வாரத்துக்கு ஒரே பதிவைப் போட்டால் மனப்பாடமாகிவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள்.

ஒவ்வொரு நாளும் எத்தனை முறை எல்லையைத் தாண்டினீர்கள் என்று எண்ணிக் குறித்துவையுங்கள். எண்ணிக்கை இறங்காமல் நின்றுவிட்டால் கூடுதல் நேரம் ஓட்டாதீர்கள், ஸ்டிக்கை எவ்வளவு சாய்க்கிறீர்கள் என்று பாருங்கள். பத்தில் ஒன்பது முறை அதுதான்.

கணக்குப்பிள்ளை:

நான்காவது கேள்விக்கு யாரும் வரவில்லை. ஆமாம், வாழ்நாளில் ஒரே முறைதான். தேறாவிட்டால் பிறகு எந்த வழியில் விண்ணப்பித்தாலும், என்.டி.ஏ., சி.டி.எஸ்., ஆஃப்கேட், என்.சி.சி. எதுவானாலும், ஃப்ளையிங் பிரிவு கிடையாது. பழைய பி.ஏ.பி.டி.யில் தவறியவர்களுக்கும், விமானப்படை அகாடமியில் பறப்புப் பயிற்சியிலிருந்து நிறுத்தப்பட்டவர்களுக்கும் இதே கதிதான். விண்ணப்பத்தில் இதைக் கேட்பார்கள், மறைக்க நினைக்க வேண்டாம், பதிவு இருக்கிறது.

ஆனால் அத்தோடு விமானப்படையே போய்விடாது. பறக்கும் வேலை இல்லாத கிரவுண்ட் டியூட்டி பிரிவுகளுக்கு சி.பி.எஸ்.எஸ். இல்லை. விண்ணப்பிக்கும்போதே அந்தப் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் கொடுத்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். ஃப்ளையிங் மட்டும் என்று குறித்துவிட்டுப் பிறகு கேட்டால் நடக்காது.

இன்னொன்று. ஸ்டிக் பழகும் முன் அளவுநாடாவை எடுங்கள். ஃப்ளையிங்குக்கு உயரம் குறைந்தது 162.5 செ.மீ. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது மற்ற மூன்றும்: உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை நீளம் அதிகபட்சம் 64 செ.மீ. சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்ட உட்கார்ந்து அளக்க வேண்டும். உச்சந்தலை வரை உட்கார்ந்த உயரம், மடக்கிய முழங்கால் முன்பகுதி வரை தொடை, நீட்டிய காலின் குதிகால் வரை கால் நீளம். தனியாக அளந்தால் ஒன்றிரண்டு செ.மீ. தப்பு வரும், வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். இவை பயிற்சியால் மாறாதவை. காக்பிட்டில் பெடல் எட்டவும், அவசரத்தில் இருக்கையோடு வெளியேறும்போது முழங்கால் பேனலில் மோதாமல் இருக்கவும் வைத்த அளவுகள், அதனால் தயவு தாட்சண்யம் இருக்காது.

சி.பி.எஸ்.எஸ். தேறினாலும் மருத்துவப் பரிசோதனை பாக்கி. ஃப்ளையிங் ஆட்களுக்கு அது டெல்லி ஏ.எஃப்.சி.எம்.இ., பெங்களூரு ஐ.ஏ.எம். என்ற விமானப்படை மருத்துவ மையங்களில் ஒன்றில் நடக்கும்.

மேகமூட்டம்:

அனைவருக்கும் நன்றி. "மண்ணுக்குள் போன இறக்கை" என்று பார்த்தவுடன் ஹொரைசன் பிடிபட்டுவிட்டது. தொடை 61, தப்பித்தேன்.

இரண்டு சந்தேகம். ஒரு பயிற்சித்தாளில் ஹொரைசனில் மூக்கு தெளிவாக மேலே இருக்கிறது, வி.எஸ்.ஐ. சுழியம், வேகம் 80. "ஏறுகிறது" என்று போட்டேன், தப்பு என்கிறது விடை. அச்சுப்பிழையா? அப்புறம், ஹெடிங்கின் நேர் எதிர்த்திசையை விரலை விட்டு எண்ணாமல் சொல்ல வழி உண்டா?

ஆறுடயல்:

அச்சுப்பிழை இல்லை, நல்ல கேள்வி. மூக்கு எங்கே பார்க்கிறது என்பது வேறு, விமானம் எங்கே போகிறது என்பது வேறு. வேகம் குறைவாக இருக்கும்போது அதே உயரத்தைத் தக்கவைக்கவே மூக்கைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். ஹொரைசன் முதல் பாதியை மட்டும் சொல்லும். ஏற்றமா இறக்கமா என்பதற்குச் சாட்சி வி.எஸ்.ஐ.யும் ஆல்டிமீட்டரும். "ஹொரைசனைப் பார்த்து இடமா வலமா, வி.எஸ்.ஐ.யைப் பார்த்து ஏற்றமா இறக்கமா" என்று மேலே பிரித்துச் சொன்னதற்குக் காரணமே இதுதான். இந்தப் பேனலுக்கு விடை, "மூக்கு உயர்ந்த நிலையில், குறைந்த வேகத்தில், மட்டமாகப் பறக்கிறது."

எதிர்த்திசைக்கு 180 கூட்டிக் கழிக்க வேண்டாம். 180-க்குக் கீழே இருந்தால் 200 கூட்டி 20 கழியுங்கள்: 070 என்றால் 270, அதில் 20 போக 250. மேலே இருந்தால் 200 கழித்து 20 கூட்டுங்கள்: 310 என்றால் 110, அதோடு 20, ஆக 130. கூடவே 90 பாகைத் திருப்பத்தையும் பழகுங்கள். 040-லிருந்து இடப்பக்கம் 90 திரும்பினால் 310. இதில் 360-ஐக் கடக்கும் இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். 010, 340, 080 இடது, 300 வலது என்று அந்த எல்லையைச் சுற்றியே கேள்வி போட்டுப் பழகினால் போதும்.

வலதுபெடல்:

கால அட்டவணை கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் டயல்தான் கூடுதல், ஸ்டிக் காலையில் மட்டும். மூன்றாவது, நான்காவது வாரம் தலைகீழாக. கடைசி வாரம் எஸ்.எஸ்.பி.க்கே (ஏ.எஃப்.எஸ்.பி.யில் நடக்கும் ஐந்து நாள் தேர்வு) தேவைப்படும், ஸ்டிக்குக்குத் தினம் பத்து நிமிடம் போதும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு கேம்பேடை எடுத்து வைத்துவிடுங்கள்.

சி.பி.எஸ்.எஸ். வருவது எஸ்.எஸ்.பி.யில் பரிந்துரை கிடைத்த பிறகு. அதாவது ஐந்து நாள் அலைச்சல் முடிந்து, தேர்வான மகிழ்ச்சியோடு இருக்கும்போது. கான்ஃபரன்ஸ், அதாவது முடிவு செய்யும் கடைசிக் கூட்டம், முடிந்த இரவு கூட்டாளிகளோடு விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் படுத்துவிடுங்கள். தூக்கம் கெட்ட காலில் அந்தக் கால் வினாடி இன்னும் நீளும்.

திரையில் விளக்கம் ஓடும்போது ஒரு வரி புரியாவிட்டாலும் அங்கேயே கையைத் தூக்கிக் கேளுங்கள். ஓட்டம் தொடங்கியபின் கேட்டால் பதில் வராது.